பக்கத்து எழுத்தின் தோள்

கும்பகோணத்தில் என் அப்பா கம்பாசிட்டராக வேலை பார்த்த அச்சகத்தில் ஆங்கில எழுத்துக்கென்று 11 கேஸ்கள், அதாவது எழுத்துகளை அறை அறையாகப் பிரித்து வைக்கும் தட்டுகள், இருந்தன. பத்தை யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். கடைசிக் கேஸை அப்பா மட்டும்தான் இழுப்பார். அதில் இருந்தது 48 பாயிண்ட் அளவில், நன்றாகத் தடித்து, வலப்பக்கம் சாய்ந்து, முனைகளெல்லாம் உருண்டு திரண்ட எழுத்து. மூடிப்போன வேறோர் அச்சகத்தின் தட்டுமுட்டுச் சாமான்களோடு எடைக்கு வந்து சேர்ந்தது. அதன் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. ‘குண்டு இட்டாலிக்’ என்போம்.

பாத்திரக் கடையின் லெட்டர்ஹெட், சர்க்கஸ் நோட்டீஸ், ஜவுளிக் கடையின் தீபாவளி விளம்பரம் என்று எது வந்தாலும், வந்தவர் “கொஞ்சம் எடுப்பா இருக்கணும் சார்” என்று சொல்லிவிட்டால் அப்பாவின் கை அந்தக் கேஸுக்குப் போகும். ஒரு வார்த்தைக்கு மேல் அதில் கோக்க மாட்டார். கருமாதிப் பத்திரிகைக்கு அதைத் தொடவே மாட்டார்.

1968 கோடை விடுமுறையில், பன்னிரண்டு வயதில், நான் அந்தக் கேஸைத் திருட்டுத்தனமாக இழுத்தேன். காபித்தூள் பாக்கெட்டுக்கு மேல்தாள் அடிக்க வேண்டியிருந்தது. அப்பா சாப்பிடப் போயிருந்தார். ‘காஃபி’ என்பதை ஆங்கிலத்தில் நானே கோத்துக் காட்டிவிடலாம் என்று ஆசை. அந்தச் சொல்லில் ‘எஃப்’ இரண்டு முறை வரும். இரண்டு எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் இடையில் ஒரு முடி அளவு இடைவெளி நின்றது. கட்டையால் தட்டி நெருக்கினேன். சேஸ் என்ற இரும்புச் சட்டத்தில் பூட்டி, டிரெடில் அச்சு இயந்திரத்தில் ஏற்றி, ஒரு புரூஃப் எடுத்தேன். தாளில் முதல் ‘எஃப்’புக்குத் தலை இல்லை.

அப்பா அடிக்கவில்லை. உடைந்த எழுத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “இது தன் உடம்புக்குள்ளயே நிக்கிற எழுத்து இல்லடா. தலைய வெளிய நீட்டும். பக்கத்து எழுத்தோட தோள்ல சாஞ்சுதான் நிக்கும். பக்கத்துல யார வெக்கிறோம்னு பாத்து வெக்கணும்” என்றார். பிறகு கேஸின் ஓர் அறையிலிருந்து வேறொன்றை எடுத்தார். இரண்டு ‘எஃப்’பும் ஒரே ஈயக் கட்டையில் சேர்த்து வார்த்த கூட்டெழுத்து. அது எதற்கென்று எனக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை.

அன்று தொடங்கிய கேள்வி ஐம்பது ஆண்டுக்கு மேலாக என்னோடு இருக்கிறது. நேராக நிற்கும் எழுத்து இருக்கும்போது எதற்காக ஒன்றைச் சாய்த்தார்கள்? சாய்த்ததை எதற்காகத் தடிக்க வைத்தார்கள்? இந்த இரண்டு கேள்விக்கும் விடை வெனிஸ், லண்டன், சிகாகோ என்ற மூன்று ஊர்களில் இருக்கிறது.

அச்செழுத்து ஒரு செவ்வகக் கட்டை. ஈயமும் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்து வார்த்தது. கட்டையின் உச்சியில் எழுத்து மேடாக நிற்கும். அதைச் சுற்றியுள்ள தாழ்ந்த தளத்துக்குத் தோள் என்றே தொழிலில் பெயர். நேர் எழுத்து இந்தச் செவ்வகத்துக்குள் ஒழுங்காக அடங்கிவிடும். சாய்ந்த எழுத்து அடங்காது. அதன் தலை வலப்பக்கமும் வால் இடப்பக்கமும் கட்டையைத் தாண்டும். தாண்டிய பகுதிக்குக் கெர்ன் என்று பெயர். அடியில் ஈயம் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும் அந்தப் பகுதி பக்கத்து எழுத்தின் தோள்மேல் தங்கினால் தப்பிக்கும். பக்கத்தில் இன்னொரு உயரமான எழுத்து வந்து முட்டினால் முறியும். நான் முறித்தது அதைத்தான்.

இவ்வளவு தொல்லை பிடித்த எழுத்தை ஒருவர் ஏன் செய்யத் துணிந்தார் என்றால், அவர் கையெழுத்தை நகல் எடுத்தார். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளாரன்ஸ் நகரத்து அறிஞர் நிக்கோலோ நிக்கோலி பழைய லத்தீன் நூல்களைப் படி எடுக்கும்போது, வேகத்துக்காகச் சற்றுச் சாய்த்து, எழுத்தோடு எழுத்தைத் தொட்டு எழுதும் ஒரு கையைப் பழகினார். படித்தவர்களிடையே அது பரவியது. நிக்கோலி 1437இல் இறந்தார். அந்த நூற்றாண்டின் இறுதியில், கிரேக்கம் கற்பித்துப் பிழைத்த ஆல்டஸ் மனூடியஸ் வெனிஸில் அச்சகம் நடத்தினார். அவரிடம் எஃகு முனையில் எழுத்தைச் செதுக்கிக் கொடுத்தவர் போலோனியா ஊர்க்காரர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அந்த எஃகைச் செம்பில் அடித்துக் குழி எடுத்து, அந்தக் குழியில் ஈயத்தை ஊற்றுவார்கள். கிரிஃபோ அந்தக் கையெழுத்தை எஃகில் வெட்டினார்.

1500இல் வெளிவந்த சியெனா நகரத்துப் புனித கேத்தரின் கடிதத் தொகுப்பில், ஒரு மரவெட்டுப் படத்துக்குள் சில சொற்களாக அந்த எழுத்து முதன்முதலில் தலைகாட்டியது. 1501இல் வர்ஜிலின் கவிதைகள் முழுவதும் அதிலேயே அச்சாகின. கையில் அடங்கும் சிறிய புத்தகம். அதுவரை மேசைமேல் விரித்துப் படித்த வர்ஜிலை வழிநடையிலும் எடுத்துப் போகலாம் என்றாயிற்று. இத்தாலியில் பிறந்ததால் மற்ற நாட்டவர் அதை இட்டாலிக் என்று அழைத்தார்கள்.

அந்தப் பக்கங்களைப் பார்த்தால் இரண்டு சங்கதி தெரியும். தலைப்பெழுத்துகள் நேராக நிற்கின்றன. சிறிய எழுத்துகள் மட்டுமே சாய்ந்திருக்கின்றன. இரண்டாவது, கூட்டெழுத்துகள் ஏராளம். கையின் ஓட்டத்தில் ஒட்டிக்கொள்ளும் எழுத்துகளை கிரிஃபோ ஒரே கட்டையாக வார்க்க வழி செய்தார். தமிழ் கோத்த எங்களுக்கு இது புதிதில்லை. ‘கு’வும் ‘கூ’வும் ‘மு’வும் ‘மூ’வும் எங்கள் கேஸில் தனித்தனிக் கட்டைகளாகவே இருந்தன. கை எழுதும்போது சேர்ந்துவிடுவதை உலோகத்தில் பிரிக்க முடியாது என்று தெரிந்தவர்கள் வெனிஸிலும் இருந்தார்கள், இங்கும் இருந்தார்கள்.

கிரிஃபோவின் கதை நல்லபடியாக முடியவில்லை. எழுத்துக்கான உரிமையை ஆல்டஸ் வெனிஸ் அரசிடம் தன் பெயரில் வாங்கிக்கொண்டார். கிரிஃபோ விலகிப் போய் ஃபானோ என்ற ஊரில் சோன்சினோ என்ற அச்சாளருக்கு இன்னொரு இட்டாலிக் வெட்டினார். 1503இல் அதில் பெட்ரார்க்கின் கவிதைகள் வந்தன. பிறகு சொந்த ஊருக்குத் திரும்பி 1516இல் தானே புத்தகம் அச்சிடத் தொடங்கினார். மருமகனை இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார். அதோடு ஆவணங்களில் அவர் சுவடு மறைந்துபோகிறது. உலகம் முழுவதும் அச்சாகும் சாய்வெழுத்தின் முதல் தச்சர் அவர்தான். அவர் பெயரை நான் என் மாணவர்களுக்கு எப்போதும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன்.

அடுத்த முந்நூறு ஆண்டுகளில் இட்டாலிக்கின் நிலை மாறியது. முழுப் புத்தகத்தையும் சுமந்த எழுத்து, நேர் எழுத்துக்குத் துணையாக வந்து, ஒரு சொல்லை அழுத்தவும் ஒரு நூலின் பெயரைச் சொல்லவும் மட்டும் பயன்பட்டது. பார்க்க அழகு, குரல் தணிவு. அதற்கு உரத்த குரல் கிடைத்தது லண்டனில்.

19ஆம் நூற்றாண்டு பிறந்தபோது லண்டன் சுவர்களில் நாடகமும் குதிரை வண்டிச் சவாரியும் மருந்தும் லாட்டரியும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு கூவின. புத்தகம் படிப்பவர் எழுத்தைத் தேடி வருவார். தெருவில் நடப்பவரை எழுத்துதான் தேடிப் போய்ப் பிடிக்க வேண்டும். இந்தத் தேவைக்கு எழுத்து வார்ப்பவர்கள் எழுத்தின் தண்டைப் பருக்கச் செய்தார்கள். மெல்லிய கோடுகளை இழை போலவே விட்டுவிட்டு, தடித்த கோடுகளை மட்டும் ஊதிப் பெருக்கினார்கள். ஃபேட் ஃபேஸ் என்று பெயர் வந்தது. இந்த மாற்றத்தில் முன்னே நின்றவர் ராபர்ட் தோர்ன். அவர் இறந்தபின் 1820இல் எழுத்து வார்க்கும் அவருடைய ஃபவுண்டரியை வில்லியம் தோரோகுட் வாங்கினார். லாட்டரியில் விழுந்த பணத்தில் வாங்கினார் என்று சொல்வார்கள். லாட்டரி நோட்டீஸ்கள் அந்தக் குண்டெழுத்துக்குப் பெரிய வாடிக்கை. பரிசுத் தொகையைத் தெருவின் அந்தக் கோடியிலிருந்தே படிக்க வேண்டுமே! அரசின் லாட்டரி 1826இல் நின்றது. எழுத்து நிற்கவில்லை.

குண்டெழுத்து பிறந்த கையோடு அதன் சாய்ந்த வடிவமும் பிறந்தது. இட்டாலிக்கின் கையோட்டமும் சுவரொட்டியின் உரத்த குரலும் முதன்முதலாக ஒரே உடலில் சேர்ந்த இடம் அது. அந்த நோட்டீஸ்களின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம் வரும். நேராக நிற்கும் குண்டெழுத்து மதில் போல அசையாமல் நிற்கும். சாய்ந்த குண்டெழுத்து ஓடிவரும். ‘கே’யின் கால் சுழலும், ‘ஒய்’யின் வால் மடிந்து உருண்டையில் முடியும். நோட்டீஸில் எல்லா வரியும் நேராக இருக்க, ஒரு வரி மட்டும் இப்படி ஓடினால் கண் அங்கேதான் போகும்.

ஆனால் கெர்ன் தொல்லை இங்கே பன்மடங்கு. எழுத்து பெரிதானால் அந்தரத்தில் நீளும் பகுதியும் பெரிதாகும். ஈயக் கட்டை பெரிதானால் கனமும் விலையும் ஏறும். 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் இயந்திரத்தால் மரத்தில் எழுத்துக் குடையும் முறையைக் கொண்டுவந்தார். மர எழுத்து லேசு. முட்டுகிற இடத்தை ரம்பத்தால் அறுத்து இன்னொரு எழுத்தை உள்ளே நுழைக்கலாம். ஈயத்திலும் இதைச் செய்தவர்கள் உண்டு. அப்பா ‘டி’யின் தோளை அரத்தால் தேய்த்து ‘ஓ’வை உள்ளே தள்ளுவதை நான் பார்த்திருக்கிறேன். தேய்த்த தூளைத் தாளில் தட்டி, மடித்து, வார்ப்புக்குப் போடும் பழைய ஈயத்தோடு சேர்த்து வைப்பார்.

அடுத்தது சிகாகோ. எங்கள் பதினோராவது கேஸின் பூர்விகம் அதுதான் என்று பின்னாளில், பழைய எழுத்து மாதிரிப் புத்தகம் ஒன்றைப் புரட்டும்போது கண்டேன். அன்று என் கை நடுங்கியது. ‘எஃப்’பின் வளைந்த தலையை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். கூப்பர் பிளாக் இட்டாலிக்.

ஆஸ்வால்ட் கூப்பர் 1879இல் ஓஹயோ மாநிலத்தில் பிறந்தார். ஓவியம் வரைந்து பிழைக்கலாம் என்று சிகாகோவுக்கு வந்து, ஃபிராங்க் ஹோம் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு எழுத்து வரையக் கற்பித்தவர் பிரெடெரிக் கௌடி. 1904இல் பிரெட் பெர்ட்ஷ் என்பவரோடு கூட்டாக விளம்பரக் கலைக்கூடம் தொடங்கினார். பேக்கார்டு மோட்டார் கம்பெனி விளம்பரங்களுக்கு அவர் கையால் வரைந்த எழுத்து பிரபலமானது. 1913இல் அதைப் பார்த்தே ஒரு ஃபவுண்டரி பேக்கார்டு என்ற அச்செழுத்தை வார்த்தது. அதாவது, கூப்பர் முதலில் தூரிகைக்காரர். அச்செழுத்து பிறகு வந்தது.

பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற சிகாகோ ஃபவுண்டரி அவரிடம் எழுத்துக் கேட்டது. 1922இல் கூப்பர் பிளாக் வந்தது. 1920களின் நடுவில் அதன் சாய்ந்த துணையும் வந்தது. லண்டன் குண்டெழுத்தில் தடிப்புக்கும் இழைக்கும் இடையே இருந்த பெரிய வேறுபாட்டை கூப்பர் விட்டுவிட்டார். எல்லாக் கோடும் கொழுத்தது. கோட்டின் நுனியில் வரும் செரிஃப் என்ற சிறு பாதம் கூர்மையாக இல்லாமல் மழுங்கி, ஈர மண்ணில் பதிந்த கட்டைவிரல் போல இருந்தது. ‘ஐ’யின் புள்ளிகூட வட்டமாக இல்லாமல் முட்டை போலச் சாய்ந்து நின்றது. எழுத்துக்குள் இருக்கும் வெள்ளைப் பகுதி சிறிது. எழுத்துக்கு மேலும் கீழும் நீளும் உறுப்புகள் குட்டை. அதனால் வரிகளை நெருக்கி அடுக்கலாம், கறுப்பு ஒரே திரளாக நிற்கும்.

அதன் இட்டாலிக்கில் கூப்பரின் கை இன்னும் தெளிவாகத் தெரியும். அது நேர் எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்த்தது இல்லை. சிறிய ‘ஏ’ கையெழுத்தில் வருவது போல ஒரே வயிற்றோடு வரும். ‘என்’னும் ‘எம்’மும் பேனா உள்ளே நுழையும் கொக்கியோடு தொடங்கி, வெளியேறும் கொக்கியோடு முடியும். இவ்வளவு பருமனான எழுத்தில் அந்தக் கொக்கிகளுக்கு இடம் பிடிப்பது லேசான வேலை இல்லை. கனத்த உடம்புக்காரர் நளினமாகக் கும்மி அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அதே சிகாகோவில்தான் கெர்ன் தொல்லைக்கு ஒரு புத்திசாலித்தனமான தீர்வும் வந்தது. லட்லோ என்ற இயந்திரத்தில் எழுத்தை ஈயமாகக் கோக்க வேண்டாம். எழுத்தின் பித்தளை அச்சுகளை வரிசையாகக் கோத்து, இயந்திரத்தில் செருகினால் முழு வரியும் ஒரே ஈயக் கட்டையாக வார்ந்து வரும். சாய்வெழுத்துக்கான பித்தளை அச்சுகளையே அவர்கள் 17 பாகை சாய்த்து வெட்டினார்கள். செவ்வகத்துக்குள் எழுத்தைத் திணிப்பதற்குப் பதில் செவ்வகத்தையே சாய்த்துவிட்டார்கள்! எழுத்து எங்கும் வெளியே நீளாது, எதுவும் முறியாது. நாளிதழ்கள் தலைப்புக்கு லட்லோவை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். 1501இல் கிரிஃபோ கூட்டெழுத்தால் தாண்டிய பள்ளத்துக்கு நானூறு ஆண்டு கழித்துப் பாலம் கட்டினார்கள் என்று எனக்குத் தோன்றும்.

பிறகு ஈயமே போய்விட்டது. புகைப்பட முறையில் எழுத்துக்கு உடம்பு இல்லை, தோளும் இல்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலும் உடையாது. 1961இல் இங்கிலாந்தில் லெட்ராசெட் தாள்கள் வந்தன. தேய்த்தால் எழுத்து ஒட்டிக்கொள்ளும். தடித்த சாய்வெழுத்துக்கு இது அறுவடைக் காலம். தலைப்பெழுத்துகளில் கொடி போலச் சுருளும் வால்களை எவ்வளவு நீளத்துக்கும் இழுக்கலாம். 1975இல் எட் பெங்கியட் நியூயார்க்கின் ஐடிசி நிறுவனத்துக்காக புக்மேன் என்ற பழைய எழுத்தைத் திருத்தி வரைந்தார். பழைய புக்மேனின் இட்டாலிக் நேர் எழுத்தைச் சாய்த்தது போலவே இருக்கும். பெங்கியட் அதை ஒதுக்கிவிட்டுக் கையோட்டமுள்ள உண்மையான இட்டாலிக்கை வரைந்தார். சுருள் வால்களும் தந்தார். அந்த எழுத்தின் அத்தனை உயிர்ப்புக்கும் அந்த ஒரு முடிவுதான் காரணம் என்பது என் கட்சி.

சாய்ப்பது வேறு, எழுதுவது வேறு. 1990களில் நான் கணினிக்கு மாறியபோது இதைக் கண்ணால் கண்டேன். ஒரு பொத்தானை அழுத்தினால் எந்த எழுத்தும் சாய்கிறது. ‘ஓ’ போன்ற வட்ட எழுத்தை அப்படிச் சாய்த்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மேல் வலது மூலையும் கீழ் இடது மூலையும் வீங்கும். மற்ற இரண்டு மூலை மெலியும். மெல்லிய எழுத்தில் இது கண்ணுக்குத் தப்பிவிடும். தடித்த எழுத்தில் தப்பாது. காற்றடித்துக் கோணிய பந்தல் போல நிற்கும். கையால் வரைந்த தடித்த இட்டாலிக்கில் அந்த வீக்கத்தை வரைபவர் ஒவ்வொரு வளைவிலும் பார்த்துப் பார்த்துத் தணித்திருப்பார்.

தமிழில் நாம் இதை அதிகமாகக் கவனிக்க வேண்டும். ஈய அச்சில் தமிழ் கோத்தபோது எங்களிடம் சாய்வெழுத்துக் கேஸ் இருந்ததில்லை. அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் தடிப்பெழுத்து, அல்லது அளவில் பெரியது. ஓட்டம் வேண்டுமென்றால் ஓவியர் கையால் எழுதித் தருவார், அதை பிளாக் என்ற அச்சுக்கட்டையாக்கி அடிப்போம். வார இதழ்த் தொடர்கதைத் தலைப்புகளில் எத்தனை அழகான தடித்த, சாய்ந்த தமிழை அப்படிப் பார்த்திருக்கிறோம்! இன்று அந்த இடத்தில் பொத்தான் இருக்கிறது. ‘ழ’வின் கீழ்ச் சுழியும் ‘ஐ’யின் வளைவும் நசுங்கிக் கடைப் பலகைகளில் தொங்குகின்றன. தமிழுக்கு ஒரு நல்ல தடித்த சாய்வெழுத்து வேண்டுமென்றால், கிரிஃபோவும் கூப்பரும் செய்தது போல, வேகமாக எழுதும் தமிழ்க் கை எங்கே வளைகிறது, எங்கே ஒட்டுகிறது என்று பார்த்து வரைய வேண்டும். வரையக்கூடிய இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பவர்கள் வேண்டும்.

என்னிடம் படிக்க வருபவர்களுக்கு அப்பாவின் வழக்கங்களையே விதியாகச் சொல்கிறேன். இந்த எழுத்தை ஒரு சொல்லுக்கு வையுங்கள். மிஞ்சினால் மூன்று சொல். முழுப் பத்தியை அதில் கோத்தால் படிப்பவருக்கு மூச்சு முட்டும். ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் தலைப்பெழுத்தாகப் போடாதீர்கள். சுருள் வால்கள் ஒன்றோடொன்று சிக்கும். தின்பண்டம், காபி, விளையாட்டுச் சட்டை, திருவிழா என்று மனம் முன்னால் ஓடுகிற இடத்தில் அது பொருந்தும். துக்கத்துக்கும் மருந்துக் குறிப்புக்கும் நேர் எழுத்து போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்து எழுத்தைப் பாருங்கள். இடைவெளியைக் கணினி கணக்குப் போட்டுத் தரும். அது சரியா என்று கண்தான் சொல்ல வேண்டும்.

1994இல் அச்சகம் மூடியபோது எழுத்துகளை எடைக்கு எடுத்துப் போனார்கள். அப்பா அப்போது இல்லை. வண்டி கிளம்புமுன் பதினோராவது கேஸை இழுத்து ஒரே ஒரு கட்டையை எடுத்துக்கொண்டேன். அது அந்தக் கூட்டெழுத்து. இரண்டு ‘எஃப்’, ஒரே உடம்பு. முதல் ‘எஃப்’பின் வளைந்த தலை இரண்டாவதன் முதுகோடு ஈயமாகவே உருகிச் சேர்ந்திருக்கிறது. காபித்தூள் பாக்கெட்டில் ஆயிரக்கணக்கான முறை அழுந்தி அதன் முகம் தேய்ந்துவிட்டது. தலை மட்டும் இன்றுவரை முறியவில்லை.